மனசு சரியில்லைன்னு ஹேக்ல சொன்னா எடுபடுமா? மூணு வழி இருக்கு, எது தேறும்?

அண்ணன் பொண்ணு தரமணியில லா படிக்கிறா, நாலாவது வருஷம். போன ஞாயித்துக்கிழமை சாயங்காலம் லேப்டாப்பைத் தூக்கிட்டு பெரம்பூருக்கு நம்ம வீட்டுக்கு வந்துட்டா, மூட் கோர்ட்டாம், அதாவது லா ஸ்டூடன்ட்ஸ் கற்பனைக் கேஸ்ல வாதாடற போட்டி, டிஃபென்ஸ் சைடு விழுந்திருக்காம். ப்ராப்ளம் என்னன்னா கற்பனை நாடு ஒண்ணு, அங்க ஒரு கமாண்டர், 11 வயசுல ஒரு கும்பல் தூக்கிட்டுப் போய் துப்பாக்கி கையில குடுத்து வளர்த்தது, பெரியவன் ஆனதும் அவனே கிராமங்களைக் கொளுத்துறான், இப்ப 52 வயசு, நெதர்லாந்துல ஹேக் நகரத்துல இருக்கிற இன்டர்நேஷனல் கிரிமினல் கோர்ட்ல (ஐசிசி) நிக்கிறான். ராத்திரியில அலறி எழுந்திரிக்கிறான், காதுல குரல் கேக்குதுங்கிறான், பாதி விஷயம் ஞாபகம் இல்லைங்கிறான்.

"அத்தை, மூணு ரூட் இருக்கு, எதை மெயினா எடுக்கட்டும்னு மட்டும் சொல்லுங்க, மத்ததை நான் பாத்துக்கறேன்"னா. மட்டும்னு சொன்னா ஆனா ராத்திரி பதினொன்னு ஆச்சு, நடுவுல ரெண்டு தடவை டீ போட்டேன். நான் எழும்பூர் கோர்ட்லயும் ஹைகோர்ட்லயும் கிரிமினல் பாக்கறவ, ஹேக் எல்லாம் படிச்சதோட சரி. ஆனா சித்த சுவாதீனம் சம்பந்தப்பட்ட கேஸ் நாலஞ்சு நடத்தியிருக்கேன், கீழ்ப்பாக்கத்துக்கு ரிப்போர்ட்டுக்காக அலைஞ்சிருக்கேன், அந்தக் கண்ணாடி வழியாத்தான் இதைப் பாக்கறேன், இதே குழப்பத்துல இருக்கிற பசங்களுக்கு உதவட்டும்னு எழுதறேன்.

கீழ்ப்பாக்கம்னு சொன்னதும் சிரிக்காதீங்க. சென்னையில யாரையாவது திட்டணும்னா "இவனை கீழ்ப்பாக்கத்துல சேர்க்கணும்"னு சொல்லியே வளர்ந்தோம், ஆனா அந்த ஆஸ்பத்திரி 1794ல ஆரம்பிச்சது, இன்னிக்கும் தினம் அவ்ளோ ஜனம் வந்து மாத்திரை வாங்கிட்டு வேலைக்குப் போகுது. இதை ஏன் சொல்றேன்னா, கோர்ட்லயும் இந்தத் திட்டு மனப்பான்மைதான் ரெண்டு பக்கமும் வேலை செய்யுது, ஒண்ணு "இவ்ளோ கொடுமை பண்ணவன் மென்டலாத்தான் இருக்கணும்"னு நினைக்கிறாங்க, இல்லேன்னா "நடிக்கிறான்"னு நினைக்கிறாங்க. ரெண்டும் தப்பு, மனநோய் உள்ளவங்கள்ல பெரும்பாலானவங்க யாரையும் ஒண்ணும் பண்ணதில்ல, இவ்ளோ கொடுமை பண்ணவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு டாக்டர் பேர் வைக்கிற மாதிரி ஒரு நோயும் இருந்ததில்ல.

முதல் ரூட் முழு விடுதலை. அந்த கோர்ட்டை உண்டாக்கின ஒப்பந்தம் ரோம் ஸ்டாட்யூட், அதோட 31வது ஆர்ட்டிகிள்ல முதல் உட்பிரிவே இதுதான், குற்றம் நடந்த நேரத்துல மனநோயோ மனக்குறைபாடோ இருந்து, அதனால தான் செய்யறது என்ன, அது சட்ட விரோதமான்னு புரிஞ்சுக்கற சக்தி, இல்லேன்னா சட்டத்துக்குக் கட்டுப்பட்டு தன்னை அடக்கிக்கற சக்தி, அழிஞ்சு போயிருந்தா பொறுப்பு இல்ல. அழிஞ்சுங்கறதுதான் சாவி. குறைஞ்சிருந்தா பத்தாது, ஆட்டம் கண்டிருந்தா பத்தாது.

நம்ம ஊர் சட்டத்தோட வெச்சுப் பாத்தா ஒரு விஷயம் ஹேக்ல தாராளம். நம்ம பழைய இந்திய தண்டனைச் சட்டம் (ஐபிசி) 84வது பிரிவு, இப்ப 2024 ஜூலை 1ல இருந்து பாரதிய நியாய சன்ஹிதா (பிஎன்எஸ்) 22, அது 1843ல இங்கிலாந்துல மெக்நாட்டன் கேஸுக்கு அப்புறம் வந்த ரூல்ஸோட குழந்தை, அதுல புரிஞ்சுதா இல்லையாங்கறது மட்டும்தான் கேள்வி. புரிஞ்சுது ஆனா அடக்க முடியலைன்னா நம்ம கோர்ட்ல கதவு சாத்திடும். ரோம் ஸ்டாட்யூட் அந்தக் கதவைக் கொஞ்சம் திறந்து வெச்சிருக்கு. ப்ரூஃப் விஷயமும் அப்படித்தான், இங்க அக்யூஸ்ட்தான் சித்த சுவாதீனம் இல்லைன்னு காட்டணும், சந்தேகத்துக்கு இடமில்லாமன்னு இல்ல, எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம்ங்கற அளவுக்குக் காட்டினா போதும், ரோம் ஸ்டாட்யூட் 67ல ப்ரூஃப் பாரத்தை அக்யூஸ்ட் தலையில மாத்தி வைக்கக்கூடாதுன்னே இருக்கு. இவ்ளோ நல்லா இருக்கேன்னு எங்க பொண்ணு கண்ணு விரிஞ்சுது. சரி, டொமினிக் ஆங்வென் தீர்ப்பை எடுன்னேன்.

உகாண்டாக்காரர். ஸ்கூலுக்குப் போற வழியில சுமார் 9 வயசுல ஜோசப் கோனியோட லார்ட்ஸ் ரெசிஸ்டன்ஸ் ஆர்மிங்கற (எல்ஆர்ஏ) கிளர்ச்சிக் கும்பல் தூக்கிட்டுப் போச்சு. வளர்ந்து சினியாங்கற பிரிகேடுக்கே தலைமை ஏத்தாரு. 2003, 2004ல பஜூலே, ஒடெக், லுகோடி, அபோக்னு நாலு அகதி முகாம் தாக்குதல், அது போக சின்னப் பொண்ணுங்களைக் கட்டாயமா மனைவி ஆக்கினது, பசங்களைப் படையில சேர்த்தது. 2015ல சரண், 2016 டிசம்பர்ல விசாரணை ஆரம்பம், 70 குற்றச்சாட்டு. டிஃபென்ஸ் மனநோயையும் சொல்லிச்சு, உயிர் பயத்துல செஞ்சாருன்னும் சொல்லிச்சு, ரெண்டையும் சேர்த்தே. மூட் ப்ராப்ளம் எழுதினவங்க இதைப் பாத்துத்தான் எழுதியிருக்கணும், 9ஐ 11 ஆக்கிட்டாங்க அவ்ளோதான்.

2021 பிப்ரவரி 4ல 61 குற்றத்துல குற்றவாளின்னு தீர்ப்பு. மனநோய் வாதம் அப்படியே போச்சு, அது எப்படிப் போச்சுங்கறதுதான் நமக்குப் பாடம். டிஃபென்ஸுக்கு சாட்சி சொன்ன ரெண்டு சைக்கியாட்ரிஸ்ட்டும் அவருக்கு வைத்தியம் பாக்கறவங்களாவும் இருந்தாங்க, கோர்ட்டுக்கு ரிப்போர்ட் எழுதறவங்களாவும் இருந்தாங்க, இந்த ரெண்டு வேஷமும் கலந்துடுச்சுன்னு ஜட்ஜுங்க சொன்னாங்க. வைத்தியம் பாக்கற டாக்டர் பேஷன்ட் சொல்றதை நம்பித்தான் ஆகணும், நம்பலைன்னா வைத்தியமே நடக்காது, கோர்ட்டுக்கு எழுதற டாக்டர் சந்தேகப்பட்டுத்தான் ஆகணும். இது எனக்கு இங்கயே நடந்திருக்கு, க்ளையன்ட்டை ஆறு வருஷமா பாக்கற டாக்டரையே கூண்டுல ஏத்தினேன், அரசு வக்கீல் எழுந்து "டாக்டர், சம்பவத்தன்னிக்கு நீங்க பாத்தீங்களா, அவர் சொன்னதைத்தானே எழுதியிருக்கீங்க?"ன்னு ரெண்டே கேள்வி, முடிஞ்சுது. அன்னிக்கு தம்புச்செட்டி தெரு வரைக்கும் வாயைத் திறக்காம நடந்தேன்.

அதுக்கு மேல, ஆங்வென் கூட வருஷக்கணக்கா இருந்தவங்க சாட்சி சொன்னாங்க, நல்லா ப்ளான் பண்ணுவாரு, ஜோக் அடிப்பாருன்னு. தாக்குதலுக்கு ஆள் பிரிச்சு, வழி சொல்லி, முடிஞ்சதும் ரேடியோவுல ரிப்போர்ட் குடுக்கற ஒருத்தருக்கு புரிஞ்சுக்கற சக்தியோ அடக்கற சக்தியோ அழிஞ்சு போச்சுன்னு எப்படி நிறுவுவ? ஒரு ராத்திரி நடந்த கொலையில வாதாடலாம். நம்ம ஊர்ல 84ல தப்பிச்ச கேஸ்ல பாதி ஒரு நாள், ஒரு வீடு, ஒரு அருவாமனை. ஆனா இன்டர்நேஷனல் க்ரைம்ங்கறதே திட்டம் போட்டு, ஆள் வெச்சு, மாசக்கணக்கா நடக்கிறது, அந்தக் குற்றத்தோட அமைப்பே இந்த வாதத்துக்கு எதிரா சாட்சி சொல்லும். சாதாரண சிப்பாய்க்கு வேணா இது என்னிக்காவது எடுபடலாம், கமாண்டருக்கு எடுபடும்னு நான் நம்பல.

இன்னொரு ஓட்டை யாரும் பேசறதில்ல. இங்க சித்த சுவாதீனம் இல்லைன்னு விடுதலை ஆனா நேரா வீட்டுக்கு அனுப்ப மாட்டாங்க, பாதுகாப்புல வைக்க, ஆஸ்பத்திரிக்கு அனுப்ப நடைமுறைச் சட்டத்துல தனி அத்தியாயமே இருக்கு. ரோம் ஸ்டாட்யூட்ல அதுக்கப்புறம் என்னன்னு ஒரு ஏற்பாடும் கிடையாது. ஊரைக் கொளுத்தினவர், மனநோயாளின்னு நீங்களே ஒத்துக்கிட்டவர், ஹேக் வாசல்ல இறங்கி எங்க போவாரு? எந்த பெஞ்சும் இதை மனசுல வெச்சுக்கிட்டுத்தான் படிக்கும்.

ரெண்டாவது ரூட்டை எங்க பொண்ணு முதல் ரூட்டோட போட்டுக் குழப்பி வெச்சிருந்தா, அவ மட்டும் இல்ல, பேப்பர்ல எழுதறவங்களும் குழப்பறாங்க. முதல் ரூட் குற்றம் நடந்த அன்னிக்கு மனசு எப்படி இருந்துதுங்கற கேள்வி. ரெண்டாவது ரூட் விசாரணைக்குத் தகுதி, அதாவது இன்னிக்கு விசாரணையைத் தாங்கற நிலைமையில இருக்காரா, குற்றச்சாட்டு புரியுதா, வக்கீல்கிட்ட பேச முடியுதாங்கற கேள்வி. அன்னிக்கு தெளிவா இருந்தவர் இன்னிக்கு தன் பேரே தெரியாம இருக்கலாம்.

கதைக்குப் பஞ்சமே இல்லாத ஏரியா இது. நாஜித் தலைவர்களை விசாரிச்ச நியூரம்பர்க்ல, ஹிட்லருக்குத் துணையா இருந்த ருடால்ஃப் ஹெஸ் எல்லாம் மறந்துபோச்சுன்னாரு, டாக்டருங்க குழுவே பாத்துது, 1945 நவம்பர் 30ல அவரே எழுந்து நின்னு மறதி எல்லாம் சும்மா நடிச்சேன்னு சொல்லிட்டாரு, அவர் வக்கீல் மூஞ்சியை நினைச்சுப் பாருங்க. ஜப்பான் போர்க்குற்றங்களை விசாரிச்ச டோக்கியோவுல 1946 மே 3, விசாரணை ஆரம்பிச்ச நாளே ஒகாவா ஷூமேய்ங்கறவர் முன்னாடி உக்காந்திருந்த போர்க்காலப் பிரதமர் டோஜோவோட மொட்டைத் தலையில பளார்னு ஒண்ணு வெச்சாரு, ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாங்க, விசாரணைக்குத் தகுதி இல்லைன்னு கேஸ்ல இருந்து வெளிய வந்தாரு, அப்புறம் குர்ஆனை ஜப்பான் மொழியில பெயர்த்தாரு. சிலி நாட்டு முன்னாள் சர்வாதிகாரி பினோசே லண்டன்ல உடம்பு முடியலைன்னு காரணம் காட்டி 2000 மார்ச்ல விடுபட்டு சாந்தியாகோவுல இறங்கினதும் வீல்சேர்ல இருந்து எழுந்து நடந்தாரு. இந்தக் கதை எல்லாம் ஜட்ஜுங்களுக்கும் தெரியும், அதனாலதான் இந்த ரூட்ல பரீட்சை கடுமை.

நிஜமாவே முடியாதவங்களும் உண்டு. கம்போடியாவுல கொடூரமான கெமர் ரூஜ் ஆட்சியில மந்திரியா இருந்த இயெங் திரித்துக்கு டிமென்ஷியா, 2011ல தகுதி இல்லைன்னாங்க, 2012ல வெளிய விட்டாங்க, 2015ல இறந்தாங்க, தீர்ப்பே இல்லாம.

குரோஷியாவுல டுப்ரோவ்னிக் நகரத்தைக் குண்டு போட்டுத் தாக்கின கேஸைத்தான் நான் நோட்ல எழுதிக்கச் சொன்னேன், ஏன்னா ஒரே குற்றப்பத்திரிகையில வந்த ரெண்டு பேருக்கு ரெண்டு முடிவு. கோவாசெவிச்சுக்கு தகுதி இல்லைன்னு ஆச்சு, ஜெனரலா இருந்த ஸ்ட்ரூகர் டிமென்ஷியா, டிப்ரெஷன் எல்லாம் சொல்லியும் தகுதி இருக்குன்னு விசாரணை நடந்து 2005ல 8 வருஷம் குடுத்தாங்க. ஸ்ட்ரூகர் கேஸ்ல பரீட்சையை தெளிவாப் போட்டுக் குடுத்திருக்காங்க, குற்றச்சாட்டு புரியுதா, நடக்கறது புரியுதா, சாட்சியம் புரியுதா, வக்கீலுக்குச் சொல்லித்தர முடியுதா, விளைவு தெரியுதா, தானே சாட்சி சொல்ல முடியுமா. நோயோட பேர் என்னங்கறது கணக்கே இல்ல, என்ன செய்ய முடியுதுங்கறதுதான் கணக்கு.

நம்ம மூட் கமாண்டர் வயசு 52, பேசறான், போன வாரம் வக்கீல் கேட்டதுக்கு பதில் சொன்னான்னு ப்ராப்ளத்துலயே ஒரு பாரா இருக்கு. முடிஞ்சுது. கெட்ட கனவும் குரலும் இருந்தா இடைவேளை கேக்கலாம், மருந்து கேக்கலாம், உக்காரற நேரத்தைக் குறைக்கச் சொல்லலாம், கேஸையே நிறுத்தச் சொல்ல முடியாது.

நிறுத்தினாலும் அது ஜெயிச்சதா? ஃபெலிசியன் கபுகாவைப் பாருங்க, 1994 ருவாண்டா இனப்படுகொலைக்கு பணம் குடுத்தாருன்னு குற்றச்சாட்டு, 26 வருஷம் தலைமறைவு, 2020 மே மாசம் பாரிஸ் பக்கத்துல மாட்டினாரு. 2022 செப்டம்பர்ல ஆரம்பிச்ச விசாரணையில ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரம்னு உக்காந்து, வீடியோவுல எல்லாம் பாக்க வெச்சு, அப்புறமும் டிமென்ஷியா முத்தி 2023 ஜூன்ல தகுதி இல்லைன்னுட்டாங்க. அதுல கீழ் பெஞ்ச் ஒரு புது வழி யோசிச்சுது, தண்டனை இல்லாம, குற்றவாளின்னு முத்திரை குத்தாம, நடந்தது என்னன்னு மட்டும் விசாரிக்கலாம்னு. எனக்கு அந்த யோசனை பிடிச்சிருந்துது, செத்தவங்க வீட்டுக்காரங்களுக்கு அதாவது கிடைக்கட்டுமேன்னு. ஆகஸ்ட்ல மேல் பெஞ்ச் அப்படி விசாரிக்க எங்களுக்கு அதிகாரமே இல்லைன்னு தூக்கிப் போட்டுது, கேஸ் காலவரையில்லாம நின்னுபோச்சு. குற்றவாளியும் இல்ல, நிரபராதியும் இல்ல. க்ளையன்ட்டுக்கு அது ஒரு பதிலே இல்ல, பாதிக்கப்பட்டவங்களுக்கு அதைவிட இல்ல.

மூணாவது ரூட் பாக்கறதுக்கு சப்புன்னு இருக்கும், அதனாலதான் ஸ்டூடன்ட்ஸ் யாரும் தொடறதில்ல. பொறுப்பை ஒத்துக்கிட்டு, இல்லேன்னா பொறுப்பை மத்த பாயின்ட்ல எதிர்த்துட்டு, மனசோட நிலைமையை தண்டனை குறைக்க மட்டும் வைக்கிறது. இதுக்கு ஐசிசி ரூல் 145ல நேராவே இடம் இருக்கு, விடுதலைக்குப் பத்தாத ஆனா கணிசமாக் குறைஞ்ச மனத்திறன், மிரட்டல், இதெல்லாம் தண்டனையில பாக்கலாம்னு. பழைய யூகோஸ்லாவியா ட்ரிப்யூனல்ல செலெபிச்சி முகாம் கேஸ், எசாத் லாண்ட்ஜோன்னு ஒரு காவல்காரப் பையன், கைதிங்களைக் கொன்னவன், சித்ரவதை பண்ணவன், அப்ப 19 வயசு, மனத்திறன் குறைவுன்னு விடுதலை கேட்டான். 2001 பிப்ரவரியில மேல் பெஞ்ச் சொன்னது, குறைஞ்ச மனப்பொறுப்புங்கறது முழுத் தற்காப்பு கிடையாது, தண்டனையில பாத்துக்கலாம். அவனுக்குக் கிடைச்சது 15 வருஷம், அதுலயும் சின்ன வயசு, பக்குவம் இல்லாத மனசு எல்லாம் கணக்குல வந்துது. ஆனா போஸ்னியாவுல பர்ச்கோங்கற ஊர்ல தன்னையே செர்பிய அடால்ஃப்னு சொல்லிக்கிட்ட யெலிசிச்சும் பர்சனாலிட்டி டிஸ்ஆர்டர்னு ரிப்போர்ட் காட்டினான், 40 வருஷம் வாங்கினான். அதனால ரிப்போர்ட் இருந்தா தள்ளுபடின்னு கனவு காணக்கூடாது, இது ஆடி சேல் இல்ல.

இப்ப ஆங்வென்கிட்டயே திரும்ப வரேன், எனக்கு மொத்த விஷயமும் அங்கதான் உடைஞ்சுது. 2021 மே 6ல தண்டனை. பாதிக்கப்பட்டவங்க தரப்பு ஆயுள் கேட்டுது, அரசுத் தரப்பே 20 வருஷத்துக்குக் குறையாமன்னுதான் கேட்டுது. குடுத்தது 25. குறைஞ்ச மனத்திறன்னு கேட்டதை தண்டனை சமயத்துலயும் ஏத்துக்கல, எப்படி ஏத்துப்பாங்க, நோயே நிரூபிக்கலைன்னு மூணு மாசம் முன்னாடி அவங்களே எழுதினாங்களே. ஆனா எடை போட்டு எடுத்துக்கிட்டது எது தெரியுமா, சின்ன வயசுல தூக்கிட்டுப் போனது, படிப்பு நின்னது, அப்பா அம்மா கொல்லப்பட்டது, அந்த வன்முறையிலயே வளர்ந்தது. இதுக்கு ஒரு டாக்டரும் வரத் தேவையில்ல. முதல் ரூட்டை மெயினா எடுத்து தோத்ததுல மூணாவது ரூட்டோட மருத்துவப் பகுதியும் சேர்ந்து எரிஞ்சுபோச்சு, மிஞ்சினது வாழ்க்கைக் கதை மட்டும், அதுதான் ஆயுள் தண்டனையில இருந்து காப்பாத்திச்சு. 2022 டிசம்பர்ல அப்பீல்லயும் அதே 25 நின்னுது.

அதுக்காக அந்தக் கதை ரொம்ப சுலபமா எடுபடும்னு இல்ல. எதிர் டீம் எழுந்து கேக்கும், தூக்கிட்டுப் போன பசங்க ஆயிரக்கணக்குல இருந்தாங்களே, தப்பிச்சு ஓடினவங்களும் இருந்தாங்களே, எல்லாருமா பிரிகேட் தலைவர் ஆனாங்க? நியாயமான கேள்வி. அந்தக் கேஸ்ல 4,000 பேருக்கு மேல பாதிக்கப்பட்டவங்களா சேர்ந்தாங்க, அதுலயும் இவர் மாதிரியே குழந்தையில கடத்தப்பட்டவங்க உண்டு. இதுக்கு பதில் "தூக்கிட்டுப் போனதால மன்னிச்சுடுங்க"ன்னு இருந்தா தோத்துடுவ, "பொறுப்பு முழுசா இருக்கு, ஆனா அளவு போடும்போது இவன் எங்க இருந்து ஆரம்பிச்சான்னு பாருங்க"ன்னு இருந்தா நிக்கும்.

மிரட்டல் வாதத்தை தனி ரூட்டா எண்ணல, ஏன்னா அது நோய் இல்ல. ஆனா எர்டெமோவிச் கேஸை மட்டும் படிச்சு வெச்சுக்கோன்னேன். 1995ல போஸ்னியாவுல நடந்த ஸ்ரெப்ரெனிட்சா படுகொலை, சுட மாட்டேன்னா நீயும் அவங்களோட வரிசையில நில்லுன்னு சொன்னாங்கன்னு தானே முன்வந்து ஒத்துக்கிட்ட பையன். 1997ல மூணுக்கு ரெண்டுன்னு ஜட்ஜுங்க பிரிஞ்சு, அப்பாவிங்களைக் கொன்னதுக்கு மிரட்டல் முழுத் தற்காப்பு ஆகாதுன்னாங்க, ஆனா 10 வருஷமா இருந்த தண்டனை கடைசியில 5 ஆச்சு. ரோம் ஸ்டாட்யூட் அப்புறம் மிரட்டலை விடுதலைக் காரணமாவே 31ல சேர்த்துடுச்சு, ஆனா இருபது வருஷம் பதவி உயர்வு வாங்கிட்டே இருந்தவனுக்கு உடனடி உயிராபத்துன்னு சொல்ல வாய் வராது.

மூணாவது ரூட் நம்ம ஊர்க்காரங்களுக்கு புதுசும் இல்ல. 2014 ஜனவரியில சத்ருகன் சௌகான் தீர்ப்புல சுப்ரீம் கோர்ட் தூக்குத் தண்டனை கைதிக்கு மனநோய் இருந்தா அதை ஆயுளா மாத்த அது காரணம்னு சொல்லிச்சு, குற்றம் அப்படியே இருக்கு, தண்டனை மட்டும் மாறுது. இது தெரிஞ்சா பெஞ்ச்ல உக்கார்ற நம்ம ஊர் ஜட்ஜுங்களுக்கும் சட்டுனு பிடிபடும்.

பொண்ணு நடுவுல ஒரு தடவை கேட்டா, "இவ்ளோ பெரிய கொடுமைக்கு தண்டனை குறைக்கச் சொல்லி வாதாடறது கூச்சமா இல்லையா அத்தை?"ன்னு. நம்ம ஊர்ல போர்க்குற்றம்னாலே எல்லார் மனசுலயும் வர்றது 2009தான், அவ அம்மா வழியில யாழ்ப்பாணத்துச் சொந்தம் உண்டு, அவளுக்கு அது சும்மா கேள்வி இல்ல. இலங்கையும் ரோம் ஸ்டாட்யூட்ல சேரல, இந்தியாவும் சேரல, அதனால அந்தக் கூண்டுல யாரும் ஏறவே இல்லைங்கற கோபம் வேற. நான் சொன்னது, கூண்டுல ஏத்தினாத்தான் இந்த வாதமே வரும், முதல் ரூட்ல போனா அவன் செஞ்சதுக்கு அவன் ஆளே இல்லைங்கற, ரெண்டாவதுல போனா என்ன நடந்துதுன்னு பேசவே வேண்டாம்ங்கற, மூணாவதுல மட்டும்தான் நடந்தது அத்தனையும் ஃபைல்ல ஏறும், சாட்சிங்க பேசினதும் நிக்கும். எனக்கு அதுல கூச்சம் இல்ல. அவ ஒண்ணும் சொல்லல, டம்ளரைக் கழுவி வெச்சா.

கடைசியா மெமோரியலை, அதாவது எழுத்துல குடுக்கற வாதத்தை, இப்படிப் பிரிச்சோம். பொறுப்பை மறுக்கிற இடத்துல உத்தரவு யார் குடுத்தா, அந்த கிராமத்துல இவன் இருந்தானாங்கற சாட்சியப் பாயின்ட் மட்டும். 31 மனநோய் வாதம் மாற்று வாதமாக்கூட வேண்டாம்னேன், அவ கேக்கல, அடக்கற சக்தி பாயின்ட்டை ரெண்டு பக்கம் வெச்சே தீருவேங்கிறா, சரி வெச்சுக்கோ ஆனா வைத்தியம் பாத்த டாக்டரையும் ரிப்போர்ட் எழுதின டாக்டரையும் வேற வேற ஆளாக் காட்டு, ப்ராப்ளத்துல அதுக்கு இடம் இருக்குன்னேன். தகுதி விஷயம் ஒரே பாரா, இடைவேளையும் மருந்தும் கேட்டு. மிச்சம் பன்னெண்டு பக்கமும் 11 வயசுல இருந்து ஆரம்பிக்குது. டீம்ல இருக்கிற இன்னொரு பையன் ஒகாவா கதையை முதல் பக்கத்துல வைக்கலாம்னு மெசேஜ் போட்டிருக்கான், அவனை நான் பாத்துக்கறேன்னுட்டுப் போயிருக்கா.